பாவாடை கட்டிய மூன்று பேர்

1

முரளி போன ஞாயிற்றுக்கிழமை ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முப்பது வயது ஆண்பிள்ளை ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருவதில் எழுத என்ன இருக்கிறது என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். முரளி, பிரான்சிஸ், நான் மூன்று பேரும் பாவாடை கட்டுகிற ஆண்கள். மூவரும் பெங்களூரில், ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறோம். ஞாயிறு சாயங்காலங்களில் காக்ஸ் டவுனில் பிரான்சிஸ் வீட்டில் கூடுவோம். முரளி பையில் துணி கொண்டுவந்து அங்கே மாற்றிக்கொள்வான். போன வாரம் பையே கொண்டுவரவில்லை. முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. காரணம் தெரியும். தெரிந்ததால்தான் இந்தக் கோபம்.

பெங்களூரில் இருப்பவனெல்லாம் புலம்பெயர்ந்தவனா என்றும் சிரிப்பீர்கள். குடியாத்தத்தில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். ஆனால் இங்கே எந்த அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்றாலும், ஆதார் முகவரி மாற்றவோ, கேஸ் இணைப்பு வாங்கவோ, முதல் கேள்வி ‘கன்னட பருத்தா’தான். கன்னடம் வருமா என்று கேட்கிறார்கள். வரும், ஆனால் ரொம்ப வராது. இருபது வருஷத்துக்குமேல் ஆகியும் என் கன்னடம் காய்கறிக் கடையைத் தாண்டினால் தடுமாறுகிறது. என் மகள் கீர்த்தனாவுக்கோ தமிழ் தடுமாறுகிறது. பி.யூ.சி., அதாவது நம் ஊர் பிளஸ் டூ, படிக்கிறாள். தோழிகளோடு கன்னடம், எங்களோடு ஆங்கிலம், பசித்தால் மட்டும் தமிழ். ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டவேண்டும். கடல் தாண்டினால்தான் வெளியூரா?

2

நான்கு வருஷத்துக்கு முன்னால், சிவாஜிநகர் பஸ் நிலையத்தை ஒட்டிய சாலையில் ஒரு ஆட்டோ என் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியது. வலது தொடையில் தோல் வழித்துக்கொண்டு போய்விட்டது. இடது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஆக, இரண்டு தொடையும் ரணம். பேண்ட் பக்கமே போகக் கூடாது, தளர்வாக ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். லுங்கி கட்டிப் பார்த்தேன். முடிச்சு நழுவும்போதெல்லாம் இறுக்கவேண்டும், இறுக்கும்போதெல்லாம் துணி புண்ணில் உரசும். என் மனைவி வசந்தி தன் பருத்திப் பாவாடை ஒன்றை எடுத்து, எலாஸ்டிக்கைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தாள். அகலமான பாவாடை. நடந்தால் தொடையில் படாமல் காற்று உள்ளே போய் வந்தது.

அப்போது அபார்ட்மெண்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கோபிநாத் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். நான் அந்தப் பாவாடையில்தான் சோபாவில் உட்கார்ந்து அவரோடு பேசினேன். கீழே வாசல்வரை பாவாடையிலேயே மெல்ல நடந்து பழகினேன். வாட்ச்மேன் கை பிடித்து உதவினார். பக்கத்து வீட்டு அம்மாள் மாடிப்படியில் ஒதுங்கி வழிவிட்டார். ஒருவர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

புண் ஆறியது. பேண்ட் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். மாலையில் வந்ததும் கழற்றிப்போட்டுவிட்டுப் பாவாடையைத் தேடினேன். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. பிடித்திருந்தது. நடக்கும்போது அது காலைச் சுற்றி அசைவது பிடித்திருந்தது. வசந்தி முதலில் சிரித்தாள், பிறகு முகம் சுளித்தாள், பிறகு தன்னுடையதை எடுக்காதே என்று சொல்லி சிவாஜிநகரில் கரும்பச்சைப் பருத்தித் துணி எடுத்து, இரண்டு பை வைத்துத் தைத்துத் தந்தாள்.

காயம் இருந்தவரைக்கும் அனுதாபம். விருப்பம் என்று தெரிந்த அன்றைக்கு அது அசிங்கம் ஆகிவிட்டது. துணி அதேதான். கால்களும் அதேதான்.

லுங்கி கட்டித் தொலையேன், ஆண்பிள்ளைக்கு அது போதாதா என்று என் மைத்துனர் போனில் கேட்டார். லுங்கிக்கே பேர்போன ஊர்க்காரர் அவர். கைலியை மூட்டித்தானே கட்டுகிறோம்? மூட்டிய துணிக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்தால் மானம் போய்விடுமா? எங்கள் ஊர்த் திருவிழாவில் மீசையை மழித்துவிட்டுச் சேலை கட்டி ஆடுகிற ஆண்களுக்குப் பணம் குத்தி மாலை போட்டவர்கள்தானே நாம்? வேஷம் என்றால் கைதட்டுகிறோம். வெள்ளைக்காரன் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு வந்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். நான் கட்டினால் மட்டும், ‘நீ என்ன பொம்பளையா?’ நான் பெண்ணாக மாற விரும்புகிறவன் இல்லை. அப்படி விரும்புகிறவர்களை நான் குறைவாக நினைப்பவனும் இல்லை. ஆனால் கேட்டவர்கள் யாரும் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. திட்டுவதற்குக் கேட்டார்கள்.

3

மற்ற இருவரும் இணையத்தில் கிடைத்தார்கள். பாவாடை கட்டும் ஆண்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. பல தேசத்துக்காரர்கள் அதில் எழுதுகிறார்கள். அக்கம்பக்கத்தில் யாராவது இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஒரு பகுதி. அங்கே பெங்களூர் என்று போட்டுத் தேடினேன். ‘காக்ஸ் டவுன், தமிழ் பேசுவேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி.

பதில் போடக் கை வரவில்லை. ஏமாற்றுக்காரனாக இருக்கலாம், மிரட்டலாம் என்று வசந்தியும் பயந்தாள். கடைசியில் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். பழைய ஓட்டு வீடு. கதவைத் திறந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய, கண்ணாடி போட்ட, பேண்ட் சட்டை அணிந்த மனிதர். ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு தனியாக இருக்கிறார். பெயர் பிரான்சிஸ். வசந்தியைப் பார்த்ததும் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள்தான், நீங்க மாத்திக்கோங்க சார், எனக்கு இது பழகிடுச்சு என்றாள். உள்ளே போனவர் ரொம்ப நேரம் கழித்துச் சாம்பல் நிறத்தில் மடிப்பு வைத்த பாவாடையில் வெளியே வந்தார். வந்து நிற்காமல் நேராகப் போய் ஜன்னல் திரைகளை இன்னொரு முறை இழுத்துவிட்டார்.

கல்லூரி நாளிலிருந்து கட்டுகிறாராம். இன்னொரு மனிதர் முன்னால் இதுவே முதல் தடவை என்றார்.

முரளி அடுத்த மாதம் அதே குழுவில் எங்களைக் கண்டுபிடித்தான். பாலக்கோட்டுப் பக்கம் ஊர். ஏ.சி. மெக்கானிக். ஈஜிபுராவில் ஒரு மாடி வீட்டில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருந்தான். நாள் முழுக்கச் சுவரேறி வேலை பார்த்துவிட்டு வந்தால் பாவாடை கட்டிக்கொண்டு சோறு வடிப்பதுதான் தனக்கு ஓய்வு என்றான். என்னை அண்ணா என்பான், பிரான்சிஸை அங்கிள் என்பான்.

நாங்கள் கூடி என்ன பேசினோம் என்று கேட்டால் ஏமாந்துபோவீர்கள். தண்ணீர் லாரி வராததைப் பேசினோம். பிரான்சிஸின் பழைய ஃபேனை முரளி பிரித்துப்போட்டுச் சரிசெய்தான். பாவாடை என்ற பேச்சே அரை மணிக்கு ஒருமுறை வந்தால் அதிகம். நாங்கள் தேடிப் போனதும் அதற்குத்தான். அதைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரு அறை.

4

தெருவில் இறங்கலாம் என்று சொன்னது முரளி. தெருமுனை பேக்கரியில் டீயும் பச்சைமிளகாய் போட்ட காரா பன்னும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான். பிரான்சிஸ் முடியவே முடியாது என்றார். பிறகு பாவாடையை மாற்றினார். பிறகு செருப்பை மாற்றினார். பிறகு, “மூணு பேரா போனா பரவால்ல மேன். தனியா போனாதான் பைத்தியம்னுவாங்க” என்றார்.

போனோம். எதிர்வீட்டு அம்மாள், சர்ச்சில் அவரோடு பாடுகிறவர், கேட்டுக்கு வந்து பார்த்தார். என்ன பிரான்சிஸ், வாக்கிங்கா என்று கேட்டுவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். பேக்கரியில் இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கடைக்காரர் டீ கொடுத்தார். பிரான்சிஸின் முகத்தை நான் அப்படி மலர்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் மூன்று ஜன்னலையும் திறந்துவைத்தார்.

எதிர்ப்பக்கம் பைக்கில் உட்கார்ந்திருந்த யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் மத்தியானத்துக்குள் அந்த வீடியோ, சினிமாப் பாட்டும் சிரிப்புச் சத்தமும் சேர்ந்து, எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. ‘நம்ம ஏரியா எங்கே போகிறது’ என்று மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி. பிரான்சிஸின் பள்ளியில் முதல்வர் கூப்பிட்டு, இனி ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொன்னாராம். எதைப் பற்றி என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

வீடியோ ஈஜிபுராவுக்கும் போய்விட்டது. முரளியின் வீட்டு ஓனர் அன்று மாலையே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

பேசிப் பார்க்கலாம் என்று நான் ஈஜிபுராவுக்குப் போனேன். ஓனர் தமிழ்க்காரர்தான், கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர். சட்டை இல்லாமல், லுங்கியை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பையன்மேல் ஒரு தப்பும் சொல்லமாட்டேன், ஒழுங்கானவன், தண்ணி சிகரெட் கிடையாது என்று அவரே சொன்னார். அப்புறம் என்ன என்றேன்.

“ஃபேமிலிங்க இருக்கற பில்டிங் சார் இது. பொம்பளைப் புள்ளைங்க மேல கீழ போவுது. இவன் அதக் கட்டிக்கினு நின்னா நல்லாவா இருக்கும்?”

அவன் கணுக்கால்வரை மூடிக்கொண்டு நிற்கிறான், நீங்கள் தொடை தெரிய உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று சொன்னேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார்.

“இது லுங்கி சார்” என்றார்.

முரளி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

5

வீடியோவைப் பற்றிப் புகார் கொடுக்கலாம் என்று நானும் முரளியும் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். நான் பேண்ட்டில்தான் போனேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் பயம் உண்டு. இந்த மேஜை இல்லை அந்த மேஜை, இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்கிறார், சர்வர் வேலை செய்யவில்லை, சாப்பாட்டுக்கப்புறம் வாருங்கள். சாப்பாட்டுக்கப்புறம் ஒரு ஏட்டு எழுத உட்கார்ந்தார். என் கன்னடத்தில் நடந்ததைச் சொன்னேன். பாவாடைக்குக் கன்னடத்தில் லங்க. நான் பதற்றத்தில் அதை ‘லங்கா’ என்று இழுத்து ஏதோ ஊர்ப் பேர் மாதிரி சொல்லிவிட்டேன் போல. எந்த ஊர், ஸ்ரீலங்காவா என்று கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். விஷயம் புரிந்த பிறகு ஸ்டேஷனே சிரித்தது.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். ‘பெண்கள் உடை அணிந்து தெருவில் சென்றபோது’ என்ற பொருளில் ‘ஹெங்கசர பட்டே’ என்று எழுதியிருந்தார். அங்கே மட்டும் என் கன்னடம் தடுமாறவில்லை.

“ஹெங்கசர பட்டே அல்லா சார், நன்ன பட்டே” என்றேன். பெண்கள் துணி இல்லை, என் துணி.

அவர் பேனாவை மூடினார். அப்படியானால் தான் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, நாளைக்கு யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். முரளி வாசலுக்கு வந்ததும், விட்டுடலாம்ணா என்றான். ஊருக்கு விஷயம் போயிடும், வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்றான். நான் விட்டிருக்கமாட்டேன். ஆனால் முகம் வீடியோவில் தெளிவாகத் தெரிவது அவனுடையது.

6

அபார்ட்மெண்டில் லிஃப்டுக்குள் ஒரு காகிதம் ஒட்டினார்கள். பொது இடங்களில் கண்ணியமான உடை அணியவும் என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். பெயர் இல்லை. அதே லிஃப்டில் ஒருவர் தினமும் உள்ளாடையைவிட நாலு விரல் பெரிய அரைக்கால் சட்டையில் நாயைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறார். அவருக்காக யாரும் காகிதம் ஒட்டியதில்லை.

அந்த வாரம் சங்கக் கூட்டத்துக்கு என்னை வரச் சொன்னார்கள். கரும்பச்சைப் பாவாடையில்தான் போனேன். வசந்தி வரவேண்டாம் என்றேன். பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கூட இறங்கினாள். கோபிநாத் மரியாதையானவர், மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம். சார், தப்பா எடுத்துக்காதீங்க, வீட்டுக்குள்ள உங்க இஷ்டம், வெளியில கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, குழுவில ஒரு வரி ஸாரி போட்டுடுங்க, முடிஞ்சது என்றார். எதற்கு ஸாரி என்று கேட்டேன். எல்லோரும் சங்கடப்பட்டிருக்கிறார்கள் என்றார். யார் என்று கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

வசந்தி கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு உட்கார்ந்தபடியே பேசினாள்.

“இவர் கால் அடிபட்டுக் கெடந்தப்ப நீங்க ஆப்பிள் வாங்கிட்டு வந்தீங்க. இவர் பாவாடைலதான் இருந்தாரு. நான் தெச்சுக் குடுத்தது. அப்ப உங்களுக்குச் சங்கடமா இல்லையே. இப்ப மட்டும் என்ன? இவரு காலம் முழுக்கக் காயத்தோடவே இருக்கணுமா உங்களுக்கு?”

கோபிநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்தது வண்டி நிறுத்துமிடத்தில் கசிவு, அதைப் பற்றிப் பேசலாம் என்றார். மன்னிப்பு நான் கேட்கவில்லை. அவர்களும் காகிதத்தைக் கிழிக்கவில்லை. இன்றும் லிஃப்டில் இருக்கிறது, மேலே காபிக் கறையோடு. வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த சிலர் இப்போது படியில் ஏறிப்போகிறார்கள்.

பிரான்சிஸ், தன் வீட்டின் பின்பக்க அறையில் வந்து தங்கிக்கொள் என்று முரளியைக் கூப்பிட்டார். அவனும் யோசித்தான். ஆனால் இரண்டு ஆண்கள், அதுவும் வீடியோவில் வந்த இரண்டு பேர், ஒரே வீட்டில் என்றால் அங்கிளுக்கும் வேலை போய்விடும் என்று அவனே மறுத்துவிட்டான். சாமானை ஆட்டோவில் ஏற்றி மூன்று நாள் நண்பன் அறையில் கிடந்தான். அப்புறம் ஈஜிபுராவிலேயே இரண்டு சந்து தள்ளி ஓர் அறை கிடைத்தது. அந்த வீட்டுக்காரர் வீடியோவைப் பார்த்திருந்தார். அறை தருகிறேன், ஆனால் அந்தத் துணி ஒன்றுகூட என் வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருக்கிறார். குடிக்கக் கூடாது, மாமிசம் சமைக்கக் கூடாது என்பார்கள், கேட்டிருக்கிறோம். ஒரு மனிதன் பூட்டிய அறைக்குள் என்ன உடுத்தக் கூடாது என்று சொல்ல இவர் யார்? சாவி அவர் கையில் இருந்தது. அவ்வளவுதான் தகுதி.

முரளி தன் பாவாடைகளை எங்கே போட்டான் என்று தெரியாது. போன ஞாயிறு கிளம்பும்போது மட்டும் சொன்னான்: “நான் வர்றேண்ணா, வராம இருக்க மாட்டேன். ஆனா இப்டியேதான் வருவேன். இங்க மாத்திட்டு மறுபடி இத மாட்டறப்ப ரொம்பக் கஷ்டமா இருக்குது.”

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கீர்த்தனா கல்லூரியிலிருந்து வந்தாள். வீடியோ வந்த நாளிலிருந்து அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஏன் வெளியே போனீர்கள் என்று ஒரே ஒரு முறை ஆங்கிலத்தில் கேட்டாள். நான் சொன்ன பதில் அவளுக்குப் போதவில்லை. கல்லூரி வாசலுக்கு வரவேண்டாம் என்றாள், நானும் போவதில்லை.

இன்றைக்குப் பையை நாற்காலியில் போட்டுவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டே, அதிசயமாகத் தமிழில் சொன்னாள்.

“என் கிளாஸ்ல ஒருத்தி அந்த வீடியோ காட்டி இது உங்கப்பாவான்னு கேட்டா. ஆமான்னேன்.”

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஆகல. பஸ் வந்துடுச்சு.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சமரசம் என்றெல்லாம் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு இன்னும் என் பாவாடை பிடிக்காது. பிடிக்கவேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். மனசு நிறைந்துபோனது உண்மை. வசந்தியைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்று எழுந்தேன். எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த ‘ஆமா’வைச் சொல்வதற்கு முன்னால் அவள் பஸ் நிறுத்தத்தில் எத்தனை பேர் முகத்தைப் பார்த்திருப்பாள்? இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடியாவது நினைத்திருப்பாள் அல்லவா? பதினேழு வயதுப் பெண், தன் அப்பாவை அப்பா என்று சொல்வதற்குத் துணிச்சல் தேட வேண்டியிருக்கிறது. நான் யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. தெருமுனை வரை நடந்துபோய் ஒரு டீ குடித்தேன்.